பிரதமர் எடுத்துப்போன கோலம்

போன வாரம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர். கோயமுத்தூருக்கு ஒரு பெரிய தலைவர் வருகிறாராம், ஹெலிபேட் போடுகிற வேலை இவர் தலையில் விழுந்திருக்கிறது.

"ஐயா, நீங்கதானுங்களே ஹெலிபேட் பழனிச்சாமி? ஒரு சந்தேகமுங்க. பிரதமர் எறங்கற எடத்துல பொம்பளைங்க கோலம் போட்டுப்போட்டாங்கன்னு ஆபீசுல ஒரு கதை ஓடுது. நெசமுங்களா, இல்ல சும்மா அளந்து உடறாங்களா?"

"நெசந்தானுங்க தம்பி. முழுசும் சொல்லட்டுங்களா?"

"ஐயோ, இப்ப தண்ணி லாரிக்காரன் நிக்கறானுங்க. எழுதி அனுப்புங்களே!"

எழுதச் சொன்னால் எழுதிவிட முடியுமா? எட்டாவது வரைக்கும்தான் நான் படித்தேன். பழனியாண்டவனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தப்பு இருந்தால் அந்தத் தம்பியைத் திட்டுங்கள், எழுதச் சொன்னது அவர்தான்.

கிணத்துக்கடவுப் பக்கம் என் ஊர். அப்பா பண்ணையத்தில் கூலிக்குப் போனார். நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே ரோடு கேங்கில் சேர்ந்து கல் உடைத்தேன், தார் காய்ச்சினேன், உள்ளங்கால் வெந்து வெந்து கெட்டியான பிறகு மேஸ்திரி ஆனேன். மூன்று பிள்ளைகள். வருசம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை. ரோடு போட்ட கதையை யாரும் கேட்பதில்லை. குழியில் விழுந்தால் மட்டும்தான் ரோட்டுக்காரன் ஞாபகம் வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

தலைவர்கள் ரோட்டில் வருவதைக் குறைத்துக்கொண்டு வானத்தில் வர ஆரம்பித்தபோது, அவர்கள் இறங்குகிற இடமும் எங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டது. மண்ணைச் சமப்படுத்தத் தெரிந்தவன் யார்? ரோட்டுக்காரன். ஹெலிபேட் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் கரண்ட் கம்பியும் தென்னை மரமும் இல்லாத ஒரு காலி இடம் வேண்டும். புல்லைச் செதுக்கி, கல் பொறுக்கி, சரளை கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி ரோலர். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் 'எச்' என்ற இங்கிலீஷ் எழுத்து. அதை வெறும் சுண்ணாம்புத் தூளில் போட்டால் பறந்துவிடும், குழைத்துப் பசை சேர்த்துப் பூச வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பைலட் மேலேயிருந்து பார்க்க, ஒரு கம்பத்தில் நீளமான துணிப்பை கட்ட வேண்டும்.

முக்கியமான எதிரி தூசி. ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழே ஒரு காற்றைக் கிளப்பும் பாருங்கள், அது ஆடிக் காற்றுக்கு அப்பன். தூசி எழுந்தால் பைலட்டுக்குத் தரை தெரியாது. எஞ்சின் மூச்சு இழுக்கிற வாயில் குப்பை அடைத்துக்கொண்டால் அப்புறம் அது ஹெலிகாப்டர் இல்லை, வெறும் இரும்பு. ஆகவே சுற்றுவட்டாரத்தில் ஒரு கட்சிக்கொடி, ஒரு காகிதம், ஒரு காய்ந்த சருகு இருக்கக் கூடாது.

இதையெல்லாம் எங்களுக்குப் பழக்கியவர் பொறியாளர் சென்னியப்பன் சார். ஒல்லியான மனிதர். குரலே உயராது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாங்கள் நடுங்குவோம். அவர் ஜீப்பில் எப்போதும் ஒரு மூங்கில் முறம் இருக்கும். ஹெலிபேட் முடிந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். காலில் ஒரு கல் உறுத்தினால் நின்று என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்புறம் தரையில் குந்தி உட்கார்ந்து முறத்தால் வீசுவார். வீசுகிற வீச்சில் அவர் தலைமுடியே பறக்கும். தூசி ஒரு பொட்டுக் கிளம்பினாலும், "பழனிச்சாமி, தண்ணி" என்பார். முறத்தை ஜீப்புக்குள் வைத்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த முறத்தோடு நாங்கள் பல ஊருக்குப் போனோம். வால்பாறையில் ஒரு தடவை தேயிலைக் காட்டு மைதானத்தில் அருமையாகப் போட்டு வைத்தோம். தலைவர் வந்தார், ஹெலிகாப்டர் சத்தமும் கேட்டது, ஆனால் மூடுபனி விலகவே இல்லை. மேலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். லயத்து வீடுகளிலிருந்து வந்த தோட்டத்து ஜனம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கலைந்தது. வாங்கிய ஆளுயர மாலையை என்ன செய்வது? பக்கத்துக் கோயிலில் முருகனுக்குப் போட்டோம். அவனுக்கும் அது தரையைத் தொட்டது. கிணத்துக்கடவில் இன்னொரு மந்திரி இறங்கும் நேரத்துக்கு ஒரு வெள்ளாடு உள்ளே புகுந்து 'எச்' எழுத்தை நக்க ஆரம்பித்துவிட்டது, சுண்ணாம்புப் பசை ருசி அதற்கு. நாலு போலீஸ்காரர் துரத்தியும் முடியவில்லை. கடைசியில் சொந்தக்காரி வந்து "வாடி" என்றதும் வந்துவிட்டது.

நாட்டை ஆளுகிறவர் என்றால் அவர் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று நான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். ஹெலிபேட் வேலைக்கு வந்த பிறகு அந்த நம்பிக்கை போயிற்று. மூடுபனி ஒதுங்க வேண்டும், ஆடு ஒதுங்க வேண்டும், தண்ணி லாரி நேரத்துக்கு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் அரசாங்கம்.

இனி தம்பி கேட்ட கதைக்கு வருகிறேன்.

கூட்டணி ஆட்சிகள் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. அப்போதைய பிரதமர் தாராபுரம் பக்கம் அமராவதி ஆற்றில் ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்ட வருவதாக முடிவாயிற்று. அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆற்றின் அக்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு, பண்ணைய வேலைக்குப் போகிற குடும்பங்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவர்களுக்கு ஆஸ்பத்திரி இல்லை, சந்தை இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அந்தக் குடியிருப்பை ஒட்டிய மேட்டு நிலத்தில்தான் ஹெலிபேடுக்கு இடம் கிடைத்தது.

ஆடி மாதம். காற்று ஆளைத் தள்ளுகிறது. ஹெலிகாப்டர்கள் இரண்டு என்பதால் இரண்டு வட்டம் போட்டோம். முதல் நாள் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிற்று. சென்னியப்பன் சார் முறத்தை ஜீப்பில் வைத்தார். போலீஸ் காவலில் இடத்தை ஒப்படைத்துவிட்டு நாங்கள் தாராபுரம் வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், சப் கலெக்டர் ஆள் அனுப்பிவிட்டார். பிரதமர் முன்கூட்டியே வருகிறார், உடனே போங்கள் என்று. வடக்கத்திக்காரர் அந்தச் சப் கலெக்டர், சின்ன வயசு, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி அழகாகப் பேசுவார். வழியில் எங்கள் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார்.

"டெல்லியில் கூட்டணிக் கட்சி ஒன்று ஆதரவை விலக்கிக்கொண்டது" என்றார். "இன்னொரு கட்சியின் தலைவர் இன்று மாலை முடிவு சொல்வாராம். பிரதமர் நேரில் போய்ப் பேசினால் அவர் நிற்கலாம். போகாவிட்டால் ஆட்சி இல்லை. பயணத்தை ரத்து செய்யுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாலத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கிளம்பிவிட்டார்."

நாலு கால் மேசையில் ஒன்று ஒடிந்துவிட்டது, இன்னொன்று ஆடுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். "நல்ல மனுசனுங்க" என்றேன். சென்னியப்பன் சார் டிரைவரைப் பார்த்து மெதுவாக, "கொஞ்சம் அழுத்துங்க" என்றார்.

போய் இறங்கினால், எங்கள் ஹெலிபேடைக் காணோம்.

அந்த இடத்தில் ஒரு வாசல் இருந்தது. மேடு முழுக்கச் சாணி கரைத்துத் தெளித்து, தெளித்ததோடு விடாமல் கெட்டியாக மெழுகி, அது வெயிலிலும் காற்றிலும் காய்ந்து வறட்டி மாதிரி படை படையாக விரிந்திருந்தது. அதன் மேல் கோலம். தேர்க்கோலம், தாமரைக் கோலம், ஓரமெல்லாம் கம்பி இழுத்து, மூலைக்கு மூலை பரங்கிப் பூ. எங்கள் 'எச்' எழுத்தைக்கூட விடவில்லை, அதைச் சுற்றி எட்டு இதழ் வைத்துத் தாமரைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். இருபது முப்பது பெண்கள் கயிற்றுக்கு வெளியே குளித்து, பூ வைத்து, பெருமையோடு நின்றார்கள்.

விடியற்காலையில் வந்திருக்கிறார்கள். காவலுக்கு இருந்த ஏட்டு கோபிப் பக்கத்துக்காரர். பின்னால் விசாரித்தபோது அவர் சொன்னது: "வாசல் தெளிக்க வந்த பொம்பளைகள எந்தச் சட்டத்துலீங்க தடுக்கறது? நானே ரெண்டு குடம் தண்ணி எடுத்துக் குடுத்தேனுங்க." வெடிகுண்டு சோதிக்க வந்த மோப்ப நாய் கோலத்தை மோந்து பார்த்துத் தும்மியதாம். அதைத் தவிர வேறு யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சென்னியப்பன் சார் குந்தி உட்கார்ந்து முறத்தை ஒரு வீசு வீசினார். ஒரு தேரின் சக்கரம் எழுந்து அவர் முகத்தில் அப்பியது.

"பழனிச்சாமி" என்றார், எனக்கே கேட்காத குரலில். "தண்ணி."

தண்ணி லாரி வந்து சேரவில்லை. ஹெலிகாப்டர் சத்தம்தான் வந்தது.

அப்புறம் நடந்ததை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. யாருமே பார்க்கவில்லை. வெள்ளையாக ஒரு மலை எழும்பியது. அதற்குள் சாணிச் செதில்கள் வௌவால் மாதிரி பறந்தன. முருகா, முருகா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பைலட் யார் பெற்ற பிள்ளையோ, அத்தனைக்கும் நடுவில் தடவித் தடவி இறக்கிவிட்டார். பின்னால் வந்த இரண்டாவது ஹெலிகாப்டர் இந்தப் புகையைப் பார்த்து, இறங்காமல் கோயமுத்தூருக்கே திரும்பிவிட்டது.

கதவு திறந்தது. பிரதமர் இறங்கினார். தலை, புருவம், சட்டை எல்லாம் கோலமாவு. பழனி மலையில் விபூதி அபிஷேகம் முடிந்து வருகிற மாதிரி இருந்தது. அதிகாரிகள் ஓடி வந்து தட்டிவிடப் போனார்கள். அவர் கையை அமர்த்திவிட்டு, கும்பிட்டபடியே பெண்கள் பக்கம் நடந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அதில் ஒருத்தி முகத்திலும் தப்பு செய்தோம் என்கிற நினைப்பே இல்லை. அவர் காரில் ஏறி ஆற்றோரத்து மேடைக்குப் போனார். பத்திரிகைக்காரர்களும் கூட்டமும் அவர் பின்னால் போய்விட்டார்கள்.

பைலட் ஏணி வைத்து ஏறி எஞ்சினின் வாயைப் பார்த்தார். வலையெல்லாம் சாணிச் செதில் அடைத்திருந்தது. பிரித்துச் சுத்தம் செய்து சோதிக்காமல் இதைக் கிளப்ப மாட்டேன், சாயங்காலம் ஆகும் என்றார். இறங்கிய வட்டத்தில் கோலம் பறந்துபோயிருந்தது, தள்ளியிருந்த இரண்டாவது வட்டத்தில் இன்னும் அப்படியே இருந்தது. அந்தத் தரை சுத்தமானால் மற்ற ஹெலிகாப்டரை வரச் சொல்லலாம், இப்படியே இருந்தால் முடியாது. ரோட்டில் போவதென்றால் கோயமுத்தூர் வரைக்கும் பாதுகாப்பு ஏற்பாடே செய்திருக்கவில்லை. செய்து முடித்துப் போனாலும், டெல்லியில் அந்தத் தலைவர் அதற்குள் முடிவைச் சொல்லிவிட்டிருப்பார்.

சப் கலெக்டர் முகம் வெளுத்துவிட்டது. "தீயணைப்பு வண்டியை வைத்து அடித்துக் கழுவிவிடலாமா?"

"அடிச்சா சாணியும் மண்ணும் சேந்து சேறாயிருமுங்க, சக்கரம் பொதைஞ்சுக்கும்" என்றார் சென்னியப்பன் சார். "ஊடு தொடைக்கற மாதிரி ஈரச் சாக்கை வெச்சுக் கையால ஒத்தி ஒத்தி எடுக்கோணும். நம்ம ஆளுங்க பத்தாது. இந்த அம்மாக்களும் சேந்தா, அவரு பேசி முடிக்கறதுக்குள்ள எடுத்துப்போடலாம்."

நான் போய் அந்தப் பெண்களில் மூத்தவரிடம் பேசினேன். ருக்குமணி என்று பேர், ஐம்பது வயதிருக்கும், மற்றவர்கள் எல்லாம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, கோலம் அருமையா இருக்குதுங்க. ஆனா இப்ப இதையத் தொடைச்சு எடுக்கோணும். எல்லாரும் ஒரு கை குடுத்தீங்கன்னா..."

"என்னது? தொடைக்கறதா?"

"ஆமாங்க. தூசி பறந்தா ஹெலிகாப்டரு வராதுங்க."

ருக்குமணியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் விபூதி, கழுத்தில் துளசி மணி. "கோயிலுக்குப் போற மனுசனாட்டத்தான் தெரியறீங்க. வந்த மனுசன் இன்னும் ஊருக்குள்ளார இருக்கறாரு. அதுக்குள்ள வாசலக் கழுவறதா? இதென்ன எழவு ஊடுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்தில் யாராவது வெளியூர் கிளம்பினாலே, அவர்கள் போய்ச் சேர்கிற வரைக்கும் வீடு பெருக்க மாட்டோம். ஆள் வெளியேறியதும் கழுவிவிடுவது பிணம் எடுத்த வீட்டில்தான். என் வீட்டுக்காரி நான் பழனிக்குக் கிளம்பினால் அன்றைக்கு விளக்குமாற்றையே தொட மாட்டாள். அந்த அக்கா சொன்னதில் எனக்கும் பாதிக்கு மேல் சம்மதம். வேலைக்காரனாக நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

"அவரு பதவியே இதுலதானுங்கக்கா நிக்குது. சாயங்காலத்துக்குள்ள டெல்லி போகோணும். போகலீன்னா ஆட்சி போயிருமாம்."

"அய்யய்யோ!" என்று வாயில் கை வைத்தார். "அப்ப தொடவே கூடாதுங்க! பதவி ஆடற நேரத்துல வாசலத் தொடைச்சு அனுப்புனா அது வெளங்குமா? ஏ புள்ளைகளா, உக்காருங்கடி!"

கயிற்றைத் தாண்டி வந்து, கோலம் கலையாமல் இடைவெளி பார்த்து, ஆளுக்கு ஒரு பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்லி, விஷயம் இன்னும் முற்றிவிட்டது.

ஒரு போலீஸ் அதிகாரி தடியோடு வந்தார். சென்னியப்பன் சார் குறுக்கே போய் நின்று, மிக மெதுவாக, "வேண்டாமுங்க" என்றார். கோபத்தின் உச்சியில் வருகிற அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதிகாரி நின்றுவிட்டார்.

"ஏனுங்க இஞ்சினியரு, நீங்களே சொல்லுங்க" என்றார் ருக்குமணியக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எங்க பாட்டன் காலத்துல இருந்து இங்க இருக்கறோம். ஒரு தாசில்தாரு கூட எங்க வாசல மிதிச்சதில்லீங்க. மொத மொத ஒருத்தரு வாராரு, அதும் நாட்டையே ஆள்றவரு. அவருக்குக் கோலம் போட்டது தப்புங்களா?"

"தப்பே இல்லீங்கம்மா."

"அப்பறம்?"

சென்னியப்பன் சார் முறத்தில் ஒட்டியிருந்த கோலமாவை விரலால் துடைத்தார்.

அந்த நேரத்தில் கார் திரும்பி வந்தது. பிரதமர் கல்லை நாட்டிவிட்டு, பேச்சைச் சுருக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஹெலிகாப்டர் மேல் ஏணி, தரையெல்லாம் உட்கார்ந்திருக்கிற பெண்கள், நடுவில் முறத்தோடு ஒரு பொறியாளர். என்ன இது என்று கேட்டார். சப் கலெக்டர் எல்லாவற்றையும் அவர் பாஷையில் சொன்னார். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரதமர் மட்டும் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி தூங்காத கண்கள். டெல்லியில் யார் யாரோ அவரைக் கைவிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், இங்கே முப்பது பெண்கள் அவர் பதவி போகக் கூடாது என்று தரையில் உட்கார்ந்து அவரைப் போகவிடாமல் செய்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

ருக்குமணியக்காவுக்கு எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தார். அவர் கேட்க, சப் கலெக்டர் தமிழில் சொன்னார்.

"இந்தக் கோலம் யாருடையது என்று கேட்கிறார்."

"இதென்ன கேள்வி? அவருக்குப் போட்டதுங்க. அவருதுதான்."

அவர் என் பக்கத்தில் நனைத்து வைத்திருந்த சாக்குத் துண்டு ஒன்றைக் கைகாட்டிக் கேட்டு வாங்கினார். தேர்க்கோலத்தின் ஒரு சக்கரத்தின் மேல் வைத்து, அழுத்தித் தேய்க்காமல், பூவை அள்ளுகிற மாதிரி ஒத்தி எடுத்தார். மாவும் சாணிப் படையும் சாக்கோடு வந்தன. எடுத்ததை ருக்குமணியக்காவுக்குக் காட்டி ஏதோ சொன்னார்.

"எனக்குக் கொடுத்ததை நான் துடைக்கவில்லை, என்னோடு எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார்" என்றார் சப் கலெக்டர். "ஒருவரால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது, கொஞ்சம் எடுத்துக் கொடுப்பீர்களா என்று கேட்கிறார்."

அந்த அக்கா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்படிச் சொன்னா ஞாயமுங்க! தாம்பூலத்தத் தட்டோட எடுத்துட்டுப் போறதாட்டம். ஏ புள்ளைகளா, என்ன வேடிக்க? விருந்தாளிக்குக் கட்டிக் குடுங்கடி! ஏனுங்க, நீங்க உடுங்க சாமி, வெள்ளச் சட்டையில கறையாகுது!" என்று அவர் கையிலிருந்து சாக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பெண்கள், எங்கள் கேங் ஆட்கள், அந்த கோபி ஏட்டு, தடி கொண்டு வந்த அதிகாரிகூட ஒரு மூலையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்திவிட்டார். "ஏட்டய்யா, ஓரத்த உட்டுட்டீங்க, உங்க ஊட்டுலயும் இப்படித்தானா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரிக்க, கல்யாண வீட்டு வேலை மாதிரி நடந்தது. தண்ணி லாரியும் வந்தது. பூப்போலத் தண்ணீர் தெளித்து, உலர விட்டு, சென்னியப்பன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். குந்தினார். முறத்தை ஓங்கி வீசினார். பிரதமரும் பைலட்டும் மற்ற அதிகாரிகளும் சுற்றி நின்று ஒரு முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூசி வரவில்லை. சார் முறத்தை ஜீப்பில் வைத்தார்.

இரண்டாவது ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது தரையில் ஒரு பொட்டுக் கிளம்பவில்லை. ஏறுவதற்கு முன் பிரதமர் கலெக்டரிடம் எங்கள் சாரைக் காட்டி ஏதோ சொன்னார். யார் மேலும் நடவடிக்கை கூடாது என்று சொன்னதாகச் சப் கலெக்டர் பிறகு சொன்னார். ருக்குமணியக்கா பின்னாலிருந்து கத்தினார்: "மறுக்கா வாங்க சாமி! அடுத்த தடவ ஊட்டுக்கு வாங்க!" அதைச் சப் கலெக்டர் எப்படிச் சொன்னாரோ, அவர் திரும்பித் தலையை ஆட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் டெல்லி சேர்ந்துவிட்டார். நேரில் போய்ப் பேசினார். அந்தத் தலைவர் நல்லபடியாக வரவேற்று, தேநீர் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். ஓட்டெடுப்பில் மாற்றிப் போட்டுவிட்டார். ஆட்சி போய்விட்டது.

அடுத்த வாரம் நாங்கள் தாராபுரம் ரோட்டில் குழிகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம், ருக்குமணியக்கா பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது. "நான் அப்பவே சொன்னனே, கேட்டீங்களா? வாசலத் தொடைச்சு அனுப்பிச்சோம், மனுசன் பதவி போச்சு."

எனக்கும் உள்ளுக்குள் அந்த உறுத்தல் இருந்தது. சென்னியப்பன் சார்தான் பதில் சொன்னார். "அம்மா, அவரு நேரத்துக்குப் போய்ச் சேரோணும், அதுதான் நம்ம வேல. அதைய நாம செஞ்சுபோட்டோம். அங்க கை தூக்கறது நம்ம கையில்லீங்களே."

"அதெல்லாஞ் சரிங்க. மனசு கேக்கோணுமே" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அந்த வருசம் தைப்பூசத்துக்கு மலையேறியபோது முருகனிடம் கொஞ்சம் சண்டை பிடித்தேன். நல்ல மனுசனாச்சே, வாக்குக் கொடுத்தேன் என்று வந்தவராச்சே, நாலு ஓட்டு உனக்குப் பெரிய விஷயமா என்று கேட்டேன். அவன் என்ன பதில் சொல்வான், கோவணத்தோடு நின்றான். அப்போதுதான் உறைத்தது. இவனே பழத்தைத் தோற்றுவிட்டு வந்து நிற்கிறவன்தானே! பழம் அண்ணனுக்குப் போனது, தம்பி நிற்கிற இடத்துக்குத்தான் நாங்கள் காவடி எடுத்து, கால் கொப்பளிக்க நடந்து வருகிறோம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இறங்கும்போது மனசு லேசாக இருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் காலையில் சென்னியப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். "பழனிச்சாமி, நம்ம பழைய பிரதமரு கோயமுத்தூருக்கு வந்திருக்கறாராம். அந்தக் குடியிருப்புக்குப் போகோணும்னு சொன்னாராம். ரோடு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வரலாம், வாங்க." இந்தத் தடவை ஹெலிபேட் வேலை இல்லை என்று நான் சிரித்தேன். அவர் முறத்தை எடுத்து ஜீப்பில் வைத்தார். பழக்கம்.

ஆற்றில் தண்ணீர் இல்லாத நாள். அடிக்கல் முள்ளுச் செடிக்குள் இருந்தது, பாலம் வேறு ஆட்சியில்தான் வந்தது. இரண்டே கார்கள் ஆற்று மணலில் ஊர்ந்து வந்தன. கலெக்டர் இல்லை, கூட்டம் இல்லை, குலவை இல்லை. யாரும் சொல்லிவிடவில்லை, ஆகவே பெண்கள் பாதிப் பேர் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ருக்குமணியக்கா வீட்டு முன்னால் கார் நின்றது. அவர் இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார், ஆனால் தூங்கி எழுந்த முகம்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அக்கா அலறினார். "நில்லுங்க! அங்கயே நில்லுங்க சாமி! இன்னைக்கு இன்னும் வாசல் தெளிக்கலீங்க!"

கூட வந்த கோயமுத்தூர் டிரைவர் அதைப் பெயர்த்துச் சொன்னார். அவர் அப்படியே நின்றார். நாட்டை ஆண்டவர், வெயிலில், தன் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா சாணியைக் கரைத்துத் தெளித்து, குனிந்து, அவசரமே இல்லாமல் ஒரு தேர் போட்டார். சக்கரம், குதிரை, கொடி எதையும் குறைக்கவில்லை. முடித்து நிமிர்ந்து, "இப்ப வாங்க" என்றார்.

அவர் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து உள்ளே போனார். தண்ணீர் குடித்தார். ராகிக் களி இருந்தது, அதையும் சாப்பிட்டார். கிளம்பும்போது கோலத்துக்கு முன்னால் நின்று, டிரைவரிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"போன தடவை மாதிரி இதையும் எடுத்துட்டுப் போகவான்னு கேக்கறாருங்க."

அக்கா கையை வீசினார். "வேண்டாமுன்னு சொல்லுங்க. இப்பத்தான் எதுவும் பறக்கப் போறதில்லையே. இது இங்கயே இருக்கட்டும், ஊட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் பெருக்க மாட்டேன்."

கார்கள் மணலில் இறங்கி மறைந்தன. நாங்கள் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். வாசலோரம் ஒரு சருகு வந்து விழுந்தது. அக்கா விளக்குமாற்றை எடுக்கவில்லை. குனிந்து, கோலம் கலையாமல், இரண்டு விரலால் அதை எடுத்து அந்தப் பக்கம் போட்டார்.